லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆயிலை மாற்றலாமா?

ஒரு பழைய எச்சரிக்கை

செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர் எவரும் இந்த எச்சரிக்கையை ஒரு நாள் கேட்டே தீருவார்: வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, கியர்பாக்ஸ் ஆயிலை இதுவரை யாரும் மாற்றியதில்லை, இனிமேல் அதில் கை வைக்காதீர்கள், புது ஆயில் ஊற்றினால் ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் படுத்துவிடும். இதைச் சொல்பவர் பெரும்பாலும் அனுபவம் மிக்க மெக்கானிக்காக இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயில் மாற்றிய சில வாரங்களிலேயே கியர் வழுக்கத் தொடங்கி, கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்த வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் எஞ்சின் ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்பவரும் அவர்தான். பழைய ஆயில் எஞ்சினைக் கெடுக்கும் என்றால், புது ஆயில் கியர்பாக்ஸை மட்டும் எப்படிக் கெடுக்கும்? மெக்கானிக் கண்டது உண்மை, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு என்பது என் வாதம். அதை நிறுவ, முதலில் அந்த ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன் ஒன்று. கிளட்ச் மிதி இல்லாத வண்டி எல்லாவற்றையும் நாம் ஆட்டோமேட்டிக் என்கிறோம். 2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியச் சந்தைக்கு வந்த ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் கால், கைக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. டிசிடியில் இரண்டு கிளட்சுகள் மாறி மாறி வேலை செய்கின்றன. இந்த அத்தியாயத்தில் நான் பேசுவது டார்க் கன்வர்ட்டர் உள்ள, பழைய பாணி முழு ஆட்டோமேட்டிக்கைப் பற்றி. மற்றவற்றின் விதிகள் வேறு.

ஆயிலே ஓர் உதிரிபாகம்

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலின் வேலை பற்சக்கரங்கள் உரசித் தேயாமல் காப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் விசையே ஆயில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சின் சுழற்றும் ஒரு விசிறி ஆயிலை வீசியடிக்க, எதிரில் இருக்கும் இன்னொரு விசிறி அந்த வேகத்தை வாங்கிச் சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே உலோகத் தொடர்பு கிடையாது. இதுதான் டார்க் கன்வர்ட்டர். முறுக்குவிசை மாற்றி என்று சொல்லலாம். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனதில் இருந்தது கப்பல், கார் அல்ல. கார்களுக்கு முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முதன்முதலில் பெருமளவில் தயாரித்து விற்றது ஜெனரல் மோட்டார்ஸ். ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அது வந்தது.

கன்வர்ட்டரைத் தாண்டி உள்ளே போனால், வளையம் வளையமான கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு பிளேட்டின் மேல் காகிதம் போன்ற நார்ப்பொருள் பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். அடுத்தது வெறும் எஃகு. எந்த அடுக்கை ஆயில் அழுத்தம் இறுக்குகிறதோ, அதற்கேற்ற கியர் விழுகிறது. எந்த அடுக்குக்கு எப்போது எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது வால்வு பாடி. அலுமினியத்தில் குடைந்த நுண்ணிய வழிகளும் அவற்றில் வழுக்கி நகரும் சின்னச் சின்ன உருளை வால்வுகளும் கொண்ட பாகம் அது. இத்தனைக்கும் மேலாக, உள்ளே பிறக்கும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் இதே ஆயில்தான்.

இந்த வேலைகளில் மிக நுட்பமானது உராய்வைக் கட்டுப்படுத்துவது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பிளேட்டுகள் சேரும்போது முதலில் கொஞ்சம் வழுக்க வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். கடைசி நொடியில் பிடி திடீரென்று எகிறினால் வண்டி குலுங்கும். அது எகிறாமல் இருக்க, பிளேட்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் சில வேதிப்பொருள்களை ஆயிலில் கலக்கிறார்கள். இவற்றை உராய்வுச் சீராக்கிகள் என்று அழைப்போம். 1970களின் தொடக்கம் வரை இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் பயன்பட்டது. அழியும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டங்களால் அது கிடைக்காமல் போனபோது, ஜெனரல் மோட்டார்ஸ் தன் டெக்ஸ்ரான் ஆயிலுக்குப் பதிலாக டெக்ஸ்ரான்-2ஐக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சேர்மானத்தில் ஒரு பொருள் மாறினால் ஆயிலையே புதிதாக வடிவமைக்க வேண்டும் என்ற அளவுக்கு இங்கே வேதியியல் நுட்பமாக இருக்கிறது. ஆகவே இதை மசகாக மட்டும் பார்க்காமல், கியர்பாக்ஸின் ஓர் உதிரிபாகமாகவே கருத வேண்டும். தேயும் உதிரிபாகங்களில் மலிவானதும், பிரிக்காமல் மாற்றக்கூடியதும் இது ஒன்றுதான்.

சூடு செய்யும் வேலை

அந்த உதிரிபாகத்தைத் தேய்ப்பதில் முதலிடம் சூட்டுக்கு. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் தோராய விதி. வெப்பத்துக்கும் வினைவேகத்துக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889இல் விளக்கினார். இந்த விதிப்படி 80 டிகிரியில் ஓடும் ஆயிலை விட 110 டிகிரியில் ஓடும் ஆயில் எட்டு மடங்கு வேகத்தில் கெடும். கெடுவது என்றால் மூன்று நான்கு காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன. ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து, வால்வுகளின் மேல் வார்னிஷ் போன்ற பிசுக்காகப் படிகிறது. உராய்வுச் சீராக்கிகள் தீர்ந்துபோகின்றன. ஆயிலின் தடிமனைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டு, ஆயில் நீர்க்கிறது. கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிரும் தூளும் உலோகத் துகளும் இதோடு கலக்கின்றன. ரப்பர் சீல்களும் அதே சூட்டில் இறுகி விறைக்கின்றன.

சூடு எவ்வளவு விரைவாக ஏறும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். மலைப்பாதையில் முன்னால் போகும் பேருந்தின் பின்னே ஊர்ந்து ஏறும் வண்டியின் எஞ்சின் 20 கிலோவாட் தருகிறது என்று கொள்வோம். மெதுவேகத்தில் கன்வர்ட்டர் அதில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் கடத்துகிறது என்றால், மீதி 4 கிலோவாட் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். ஏழு லிட்டர் ஆயிலின் எடை ஏறக்குறைய 6 கிலோ. குளிர்விக்கும் வழி எதுவும் இல்லாமல், சுற்றியுள்ள உலோகமும் சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளாமல் இருந்தால், ஆயிலின் வெப்பநிலை நிமிடத்துக்கு 20 டிகிரி ஏறும். நிஜத்தில் கூலரும் உலோக உறையும் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் கூலர் பாதி அடைத்துக்கொண்ட பழைய வண்டியில் நிலைமை எவ்வளவு சீக்கிரம் கைமீறும் என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

‘வாழ்நாள் ஆயில்’ என்ற வாக்குறுதி

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தயாரித்த நிறுவனமே இந்த ஆயில் வண்டியின் வாழ்நாள் முழுவதுக்கும் போதும் என்று எழுதியிருக்கும்போது, நாம் ஏன் மாற்ற வேண்டும்? வாழ்நாள் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை. முதல் உரிமையாளர் வைத்திருக்கும் காலமா, வாரண்டி முடியும் வரையா, மூன்று லட்சம் கிலோமீட்டரா? விடை இல்லை. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் உள்ள இசட்எஃப் நிறுவனத்தின் நிலைப்பாட்டை இதற்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். உலகின் பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தருவது இந்த நிறுவனம். அதன் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் 2001இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதன்முதலாக வந்தது. அந்த வகைக் கியர்பாக்ஸ் பொருத்திய கார்களின் சர்வீஸ் அட்டவணைகள் சிலவற்றில் ஆயில் மாற்றத்துக்கு இடமே இல்லை. ஆனால் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. காரை விற்பவர் சொல்வதும் கியர்பாக்ஸைச் செய்தவர் சொல்வதும் வேறுபட்டால், இரண்டாமவர் பேச்சைக் கேட்பதே அறிவு.

இன்னொரு விஷயமும் உண்டு. பல நிறுவனங்களின் கையேடுகளில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: ஒன்று சாதாரணப் பயன்பாட்டுக்கு, மற்றது கடுமையான பயன்பாட்டுக்கு. கடுமையானது என்று அவர்கள் பட்டியலிடுவதைப் படித்துப் பாருங்கள். நின்று நின்று நகரும் நெரிசல், அதிக வெப்பம், தூசி, மலைப்பாதை, பாரம் ஏற்றி ஓட்டுவது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அலுவலகம் போய்வரும் வண்டி இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அன்றாடம் நிறைவேற்றிவிடுகிறது. நம் ஊர் வண்டிக்குரியது இரண்டாவது அட்டவணைதான்.

மெக்கானிக் கண்டது என்ன?

இப்போது எச்சரிக்கைக்குத் திரும்புவோம். கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு திடீரென்று அதை மாற்றச் சொல்லி ஏன் வருகிறார்? பெரும்பாலும், ஏதோ சரியில்லை என்று தெரிந்ததால்தான். கியர் விழத் தாமதமாகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. அதாவது பிளேட்டின் நார்ப்பொருள் தேய்ந்து தீரும் கட்டத்தில் இருக்கிறது. ஆயிலை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது இன்னும் சில வாரம்தான் தாங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே நடப்பது அந்தத் தற்செயலைக் காட்டிலும் ஒரு படி மேல்: இந்தக் காக்கை விழப்போகும் பழமாகப் பார்த்துத்தான் உட்காருகிறது. அதனால் அது உட்கார்ந்த இடமெல்லாம் பழம் விழுகிறது. நன்றாக ஓடும்போதே ஆயிலை மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு மேலும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி கியர்பாக்ஸ் பட்டறைப் பக்கம் வருவதில்லை. எனவே அது மெக்கானிக்கின் கணக்கில் சேருவதும் இல்லை.

ஆனாலும் அவர் பக்கத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பழைய ஆயிலில் உராய்வுச் சீராக்கிகள் தீர்ந்துபோயிருப்பதால் பிளேட்டுகளின் பிடி முரடாக இருக்கும். நார்ப்பொருள் ஏறத்தாழ முழுதும் தேய்ந்த கிளட்ச் அந்த முரட்டுப் பிடியின் உதவியால் ஓடிக்கொண்டிருக்கலாம். புது ஆயில் படலத்தை மீட்டெடுத்ததும், கடைசியாக இருந்த அந்தப் பிடியும் போய் வழுக்கல் வெளிப்படையாகிறது. ஆயிலில் மிதக்கும் தூள்தான் பிளேட்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கத்தைவிட இது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எப்படியானாலும், ஆயில் மாற்றம் இங்கே நோயை உண்டாக்கவில்லை, அம்பலப்படுத்துகிறது.

எதிர்த்திசையிலும் சாட்சி உண்டு. வேகம் நிலைப்பட்டதும் கன்வர்ட்டரின் இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டுவதற்கு லாக்அப் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. ஆயில் பழசான வண்டியில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி சீரான வேகத்தில் போகும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட வேகத்தடுப்பின் மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் தெரியும். அது இந்தக் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுவதால் வருவது. பல வண்டிகளில் வேறெந்தப் பாகத்தையும் தொடாமல், ஆயிலை மாற்றியதுமே இந்த நடுக்கம் நின்றுவிடுகிறது. பழைய ஆயில்தான் கியர்பாக்ஸுக்குப் பாதுகாப்பு என்றால் இது நடக்கக் கூடாது.

ஏழு லிட்டரில் மூன்று

இனி ஓர் எடுத்துக்காட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது, ஆயில் ஒருமுறையும் மாற்றியதில்லை, கியர் ஒழுங்காக விழுகிறது, வழுக்கல் இல்லை. உள்ளே மொத்தம் ஏழு லிட்டர் ஆயில். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் மூன்று லிட்டர்தான் வரும். மீதி நான்கும் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆயிலை முழுதும் மாற்ற முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். பழைய வண்டிக்கு அதுவே அனுகூலம், எப்படி என்று பாருங்கள்.

மூன்று லிட்டர் வடித்து மூன்று லிட்டர் புதிது ஊற்றினால், ஏழில் நான்கு பங்கு பழசு. நூற்றுக்கு 57. ஆயிலின் சராசரி வயது 1,60,000இலிருந்து சுமார் 91,000 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மூன்று லிட்டர் மாற்றினால் பழசின் பங்கு 33; சராசரி வயது ஏறத்தாழ 52,000. மூன்றாவது முறையில் 19. வயது 30,000ஐ ஒட்டி. ஒன்பது லிட்டர் புது ஆயில் செலவில், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புதிதாகிவிட்டது. நான்காவது முறை செய்தால் பழசு 11க்கு இறங்கும், ஆனால் மூன்று லிட்டர் விலைக்குக் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே வருவதால் மூன்றோடு நிறுத்தலாம். இப்படிப் படிப்படியாகச் செய்வதால் பிளேட்டுகளுக்கும் சீல்களுக்கும் ஆயிலின் குணம் ஒரே நாளில் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வடிந்து வருவதைப் பார்த்து, மேலே போகலாமா என்று முடிவெடுக்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு? 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்று லிட்டர் மட்டும் வடித்து ஊற்றிக்கொண்டே போனால், வண்டி மூன்று லட்சம் ஓடினாலும் ஐந்து லட்சம் ஓடினாலும் ஆயிலின் சராசரி வயது 93,000 கிலோமீட்டரைத் தாண்டாது. மாற்றிய மறுநாள் அது அதிகபட்சம் 53,000 இருக்கும், அடுத்த 40,000 ஓடி 93,000 ஆகும், மறுபடி 53,000க்கு இறங்கும். இசட்எஃப் சொன்ன மேல் எல்லையான 1,20,000 கிலோமீட்டருக்குள் இது எப்போதும் இருக்கிறது. பாதிக்கும் குறைவான ஆயிலை மாற்றுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களே போதுமான பதில்.

மெஷின் வைத்து ஒரே மூச்சில் முழு ஆயிலையும் மாற்றும் ஃப்ளஷ் முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். கியர்பாக்ஸின் சொந்தப் பம்ப் தள்ளும் ஆயிலை வெளியே வாங்கிக்கொண்டு, அதே அளவு புதிதை உள்ளே அனுப்பும் மெஷினால் தனியாகத் தீங்கு இல்லை. சுத்தப்படுத்தும் கரைப்பானை முதலில் கலந்து ஓட்டுகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். பல ஆண்டுகளாகப் படிந்த பிசுக்கு ஒரே நேரத்தில் பெயர்ந்தால், அது போய்ச் சேரும் இடம் வால்வு பாடியின் நுண்வழிகள். ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவதும் பாதி வேலைதான்.

சம்பில் தெரிவது

சம்ப் எனப்படும் அடித்தட்டைக் கழற்றும்போது அதில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல மெல்லிய பூச்சு இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் உலோகச் சில்லுகளோ, பிளேட்டிலிருந்து உரிந்த நார்த்துண்டுகளோ இருந்தால் ஆயில் மாற்றத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸைப் பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்றைய ஆயில்கள் பல நலமாக இருக்கும்போதே கறுத்துவிடும். கருகிய வாடையே நம்பகமான சாட்சி. இளஞ்சிவப்பில் பால் கலந்ததுபோல் இருந்தால் அது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பல வண்டிகளில் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலோடு கலந்து, பிளேட்டில் நார்ப்பொருளை ஒட்டியிருக்கும் பிசினை இளக்கிவிடும். அதன்பின் எத்தனை முறை ஆயில் மாற்றியும் பயனில்லை. லட்சத்தைத் தாண்டிய வண்டியில் ரேடியேட்டரைக் கவனிப்பதும் கியர்பாக்ஸ் பராமரிப்பின் பகுதி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆயில் அளவும் கவனம் கேட்கும் விஷயம். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது ஏழு லிட்டர் ஆயில் ஏறத்தாழ 0.3 லிட்டர் விரிகிறது. ஆகவே எந்த வெப்பநிலையில் அளவு பார்க்க வேண்டும் என்று கையேடு சொல்கிறதோ, அதே வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். அந்த இசட்எஃப் ஆறு கியருக்கு அது 30 முதல் 50 டிகிரி. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய ஆயிலை விலைக்காக ஊற்றக் கூடாது. திமிங்கில எண்ணெய் போனபோது நடந்ததை நினைவில் வையுங்கள். சீராக்கியின் சேர்மானமே இந்த ஆயிலின் உயிர். கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியீடு டப்பாவின் மேலும் இருக்க வேண்டும்.

ஓட்டும் விதத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். சக்கரம் சுழலாத அந்த நேரத்தில் எஞ்சின் கன்வர்ட்டருக்குத் தரும் ஆற்றல் முழுவதும் ஆயிலைக் கொதிக்கவைக்கவே செலவாகிறது.

கியர் ஏற்கெனவே வழுக்கும் வண்டிக்கு ஆயில் மருந்தாகாது. அந்தப் பணத்தைப் பழுதுபார்ப்புக்கு எடுத்துவையுங்கள். வழுக்காமல் ஓடும் வண்டிக்கு, அது எத்தனை லட்சம் ஓடியிருந்தாலும், முதல் மூன்று லிட்டரை இந்த மாதமே மாற்றலாம். மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரக்குறியீடு மூன்றையும் பில்லில் எழுதி வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கும் அது தேவைப்படும்.